அரை அடி உள்ளே, அரை அடி வெளியே

மலையில் பிறந்த பிள்ளைக்குக் காலைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று ஒரு நினைப்பு உண்டு. லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போக ஏற்றம், திரும்ப இறக்கம். கடைக்குப் போகப் படி, பீலிக்குப் போகப் படி. பத்து வயதுக்குள் கெண்டைக்கால் இறுகிவிடுகிறது. மூச்சும் லேசில் வாங்குவதில்லை. இப்படிப்பட்ட ஒருவன் முதல் தடவையாகக் கையுறை மாட்டிக்கொண்டு, சில மாதங்கள் முறையாகப் பழகிய ஒருவனுக்கு எதிரே நிற்பதைப் பார்த்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். அவன் விடுகிற குத்தெல்லாம் எதிராளியின் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றுபோகும். எட்டவில்லையே என்று இடுப்பை வளைத்துச் சாய்வான். சாய்ந்த முகத்துக்கு நேராக எதிராளியின் இடது கை வந்து சேரும். இரண்டாவது நிமிடத்தில், மலையேறியும் இரைக்காத மூச்சு இரைக்கத் தொடங்கும்.

பலத்தில் குறை ஒன்றுமில்லை. பழக்கம்தான் இடைஞ்சல். ஏற்றத்தில் நடக்கும் உடம்பு முன்னால் சாயும், பாதத்தை முழுசாக ஊன்றும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு காலுக்கு நேர் முன்னால்தான் அடுத்த காலை வைக்க முடியும். மலைக்கு இரண்டுமே சரி, ரிங்குக்கு இரண்டுமே ஆகாது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் குத்துச்சண்டை பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வேலை புதிதாகக் கால்பலம் சேர்ப்பதல்ல. இருக்கிற பலத்தைச் சமதரையில், இருபதடிச் சதுரத்துக்குள் செலவழிக்கக் கற்பது.

முட்டி பிடிப்பதையும் முகத்தைக் காப்பதையும் முந்திய அத்தியாயங்களில் பார்த்தாயிற்று. இனிக் கால்.

நிற்பதும் நகர்வதும்

எல்லா நாட்டுப் பயிற்றுநர்களும் சொல்லும் உதாரணம் தண்டவாளம். ஹட்டன், கொட்டகலை, நானுஓயாப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இடது பாதம் இடப்பக்கத் தண்டவாளத்தில், வலது பாதம் வலப்பக்கத் தண்டவாளத்தில், ஒன்று முன்னே, மற்றது பின்னே. இலங்கையின் அகலப்பாதைக்கு இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. அந்த அளவை எடுத்துக்கொண்டால் கால் கிழிந்துவிடும். அவரவர் தோளகலமே அவரவர் அளவு.

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது காலை முன்னால் வைப்பார். முன்கால் விரல்கள் எதிராளியைப் பார்த்தபடி, சற்றே உட்பக்கம் திரும்பியிருக்கும். பின்கால் குறுக்குவாட்டில் நிற்கும். அதன் குதிகாலுக்கு அடியில் ஒரு கொப்பியை நுழைக்கிற அளவு இடைவெளி. முழங்கால் இரண்டும் இளக்கமாக, எடை இரண்டு காலிலும் பாதிக்குப் பாதி. இடக்கையருக்கு எல்லாமே கண்ணாடியில் பார்த்தது போல மாறி வரும். நிலை சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கூடப் பழகுபவர் முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை தோளில் மெல்லத் தள்ளட்டும். முன்னால் தள்ளும்போது தடுமாறினால் கால்கள் பக்கவாட்டில் ஒரே வரிசையில் இருக்கின்றன. பக்கத்தில் தள்ளும்போது தடுமாறினால் ஒற்றையடிப் பாதை இன்னும் காலை விட்டுப் போகவில்லை.

நகர்வதற்கு விதி ஒன்றே ஒன்றுதான். எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் போகும், மற்றது அதே தூரம் பின்தொடரும். முன்னேற முன்கால் முதலில், பின்வாங்கப் பின்கால் முதலில், இடப்பக்கம் இடது, வலப்பக்கம் வலது. எட்டு வைக்கும் தூரம் அரை அடி. அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு தடவை அரை அடி. இந்த விதியைப் படிக்க ஒரு நிமிடம் போதும். களைத்துப்போன மூன்றாவது சுற்றில் கால் தானாக அதைக் கடைப்பிடிக்க மாதங்கள் ஆகும்.

தவறுகள் பெரும்பாலும் இரண்டாவது காலில்தான் நிகழ்கின்றன. முன்கால் அரை அடி போகிறது, பின்கால் கால் அடிதான் வருகிறது. நாலு எட்டுக்குள் நிலை அகன்று, அசைய முடியாத மாதிரி ஆகிவிடுகிறது. இல்லாவிட்டால் பின்கால் அவசரப்பட்டு வந்து முன்காலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் லேசாக ஒரு தட்டு விழுந்தாலும் உட்கார வேண்டியதுதான். மூன்றாவது, காலைக் குறுக்கே போடுவது. பக்கவாட்டில் போகும்போது மலைப் பிள்ளைகளிடம் இது அதிகம்.

இதைத் திருத்தப் பழைய சைக்கிள் டியூப் போதும். நாடா போல நறுக்கி, தோளகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீளம் வைத்து, இரண்டு முனையையும் கணுக்காலில் காலுறைக்கு மேல் கட்டிக்கொள்ள வேண்டும். நிலை சரியாக இருக்கையில் டியூப் லேசாக விறைத்து நிற்கும். கால்கள் நெருங்கினால் தொய்ந்து தரையைத் தொடும். அகன்றால் இழுக்கும். பயிற்றுநர் சத்தம் போட வேண்டியதில்லை, டியூபே சொல்லிவிடும். ஆனாலும் பெரும்பாலான பயிற்றுநர்கள் சத்தம் போடத்தான் செய்கிறார்கள்: “கால தூக்காதடா தம்பி, நகத்து... நகத்து!” முன்னே நாலு, பின்னே நாலு, இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு என்று மெதுவாகச் செய்ய வேண்டும். டியூப் கட்டியபடி ஓடுவதோ குதிப்பதோ கூடாது. விழுந்தால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும்.

எட்டும் தூரம், எட்டாத தூரம்

1964 பெப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சொனி லிஸ்டனை எதிர்த்து ரிங்கில் ஏறியபோது கேசியஸ் கிளேக்கு வயது 22. முகம்மது அலி என்ற பெயர் அப்போது உலகுக்குத் தெரியாது. லிஸ்டனின் கைவீச்சு 84 அங்குலம் என்று பதிவாகியிருக்கிறது. கிளேயின் கைவீச்சு அதைவிட ஏறக்குறைய அரை அடி குறைவு. இரண்டு கைகளையும் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளப்பதுதான் இந்தக் கணக்கு. ஆகவே ஒரு கைக்கு லிஸ்டனுக்குக் கிடைத்த சாதகம் மூன்று அங்குலம். குத்துச்சண்டையில் மூன்று அங்குலம் சின்ன விஷயமல்ல. அப்படியிருந்தும் லிஸ்டனின் ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்து, மறுபடியும் மறுபடியும் காற்றைக் குத்தியது. கிளே தன் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். லிஸ்டனின் பயங்கரமான ஆயுதம் இடது கை. எதிரே நிற்பவருக்கு அது வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் சுற்றும் ஒவ்வொரு எட்டும் அந்தக் கையிலிருந்து விலகும் எட்டு. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

தூரம் கையில் இல்லை என்பதற்கு இந்த ஒரு சண்டையே போதும். அதைப் பழக வேண்டியவருக்கு எந்தத் தூரம் என்று தெரிய வேண்டும். முதலாவது, யாருக்கும் எட்டாத தூரம். அங்கே மூச்சு வாங்கலாம், எதிராளியைப் படிக்கலாம். இரண்டாவது, அரை அடி நகர்ந்தால் ஜாப் எட்டும் தூரம். மூன்றாவது, நின்ற இடத்திலேயே இருவருக்கும் எல்லாக் குத்தும் எட்டும் தூரம். நான்காவது, நெஞ்சும் நெஞ்சும் ஒட்டிய தூரம். அங்கே நீளக் கை உதவாது, பக்கவாட்டில் வளைத்து விடும் ஹூக்கும் கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டும்தான். இந்த நான்கில் ஆபத்தானது மூன்றாவது. புதிதாகப் பழகுபவர்கள் அதிக நேரம் நிற்பதும் அங்கேதான். இரண்டு குத்து விட்டுவிட்டு, பட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கண்ணில் படுகிற ஒன்றுக்குக் கை கால் அசைய, சாதாரண மனிதருக்குக் கிட்டத்தட்ட ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் ஒரு நல்ல ஜாப் அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். கண்டு விலகுவது அங்கே நடக்காது. எதிராளி அரை அடி எடுத்து வைத்துத்தான் குத்த வேண்டும் என்ற தூரத்தில் நின்றால், குத்துக்கு முன்னால் அவருடைய முன்கால் அசைவது தெரியும். அந்த அசைவுதான் முன்னறிவிப்பு. இரண்டாவது தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பழகுவதற்குக் கையுறை கூடத் தேவையில்லை. சீமெந்துத் தரை, ஒரு சோக்குத் துண்டு, இரண்டு பேர். முதலாமவர் நிலையெடுத்து இடது கையை முழுசாக நீட்டி, விரல் நுனி எதிரே நிற்பவரின் தோளைத் தொடும்படி நிற்கட்டும். இரண்டாமவரின் முன்கால் பெருவிரலுக்கு முன்னால் சோக்கால் ஒரு கோடு. அதற்குப் பின்னால், அரை அடி தள்ளி, இன்னொரு கோடு. முன்கோட்டில் நின்றால் எட்டும், பின்கோட்டில் நின்றால் எட்டாது. முதலாமவர் எப்போது வேண்டுமானாலும் தோளைத் தட்ட வரலாம். இரண்டாமவர் பின்கோட்டுக்குப் போக வேண்டும். தட்டு தவறிய உடனே முன்கோட்டுக்குத் திரும்பி முதலாமவரின் தோளைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதல் நாள் எல்லோரும் பின்கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று அடி பாய்ந்துவிடுவார்கள். பாய்ந்தவர் தப்பித்துக்கொள்கிறார், உண்மைதான். ஆனால் திரும்பி வருவதற்குள் எதிராளி நிலைக்குப் போய்விடுகிறார், தட்டு கிடைப்பதில்லை. அரை அடியில் நிற்பதற்குப் பயம் விட வேண்டும். விரல் மூக்குக்கு முன்னால் ஒரு அங்குலத்தில் நின்றுபோவதை நூறு தடவை பார்த்த பிறகுதான் அது விடும். இரண்டு நிமிடம் பழகி, ஒரு நிமிடம் ஓய்வு. கோடு அழிந்தால் மறுபடி போட வேண்டும், கண் மதிப்பில் விடக் கூடாது.

இதில் கை வந்தபின் சோக்கை விட்டுவிடலாம். முதலாமவர் முன்னே வந்தால் இரண்டாமவர் பின்னே, பின்னே போனால் முன்னே, பக்கம் போனால் கூடவே. குத்து கிடையாது. இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் மட்டும் மாறக் கூடாது. இந்தப் பயிற்சியில் தலையை ஆட்டியும் தோளைக் குலுக்கியும் போக்குக் காட்டுபவர்களிடம் பெரும்பாலானோர் ஏமாறுவார்கள். எதிராளியின் கண்ணைப் பார்த்து நகர்பவர் ஏமாறுவார். நெஞ்சு மட்டத்தைப் பார்ப்பவருக்குத் தோளும் முன்காலும் சேர்ந்து தெரியும்.

குத்து விட்டபின் எங்கே போவது? மூன்று வழிதான். வந்த வழியே அரை அடி பின்னால். முன்காலை ஊன்றி உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில். அல்லது இன்னும் உள்ளே புகுந்து எதிராளியின் கைகளுக்குள். முதல் வழியையே எப்போதும் எடுப்பவரை எதிராளி இரண்டாவது சுற்றில் கண்டுபிடித்துவிடுவார். நேர்கோட்டில் பின்வாங்கிக்கொண்டே போனால் முதுகில் கயிறு தட்டும்.

பக்கவாட்டு வழிக்குப் பெயர் பிவட். முன்பாதத்தின் முன்பகுதியைத் தரையில் ஊன்றி, அதை அச்சாகக் கொண்டு பின்காலை வீசித் திருப்புவது. முன்கால் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் எதிராளி பார்க்கிற திசையில் ஆள் இருக்க மாட்டார். சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதை எதிராளியாக நினைத்துக்கொண்டு ஜாப், பிவட், மறுபடி ஜாப் என்று பழகலாம். முன்குதிகாலை அழுத்தியபடி திரும்பினால் முழங்காலில் வலி பிடிக்கும். குதிகாலை லேசாக எழுப்பிய பிறகே திரும்ப வேண்டும்.

சதுரமும் இடமும்

அமெச்சூர் குத்துச்சண்டையில் ரிங்கின் உள்ளளவு 6.10 மீற்றர், அதாவது இருபதடிக்கு இருபதடி. லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த அளவு. அதற்குள் கட்டிலும் அலுமாரியும் வேறு. வெளியே இஸ்தோப்பு நீளமாக இருந்தாலும் அகலம் கிடையாது. இஸ்தோப்பில் முன்னே பின்னே போகவும், சோக்குக் கோட்டுப் பயிற்சிக்கும், பிவட்டுக்கும் இடம் போதும். மழைக் காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் சுற்றிவரவும், எதிராளியை மூலையில் மடக்கவும் முழுச் சதுரம் வேண்டும். அதற்குப் பள்ளிக்கூட முற்றமோ, வேலை முடிந்தபின் பெரட்டுக்களமோதான் இடம். இருபதடிக் கயிறு ஒன்றை வைத்து நாலு பக்கம் அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளலாம். மூலைக்கு மூலை இருபத்தெட்டேகால் அடி வந்தால் சதுரம் கோணாமல் இருக்கிறது. சரிவான இடத்தில் போடவே கூடாது. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கால் தானாக அந்தப் பக்கமே போகும், அந்தப் பழக்கம் ரிங்கிலும் வரும்.

சதுரத்துக்குள் இறங்கியதும் ஒரு கேள்வி வரும்: எந்தப் பக்கம் சுற்றுவது? எதிராளியின் எந்தக் கை வலியதோ அதிலிருந்து விலகி. வலக்கையர் ஒருவரின் வலது கை எதிரே நிற்பவருக்கு இடப்பக்கம் இருக்கும், ஆகவே வலப்பக்கம் சுற்றுவது பொதுவிதி. லிஸ்டனைப் போல இடது ஹூக்கில் பலம் வைத்திருப்பவரிடம் இது தலைகீழாக மாறும். எதிராளி இடக்கையராக இருந்தால் அவருடைய முன்காலுக்கு வெளிப்பக்கம் தன் முன்கால் இருக்கும்படி இடப்பக்கம் நகர வேண்டும். அங்கே இரண்டு பேரின் முன்கால்களும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். மிதிபடுவதும் தடுக்கி விழுவதும் சாதாரணம்.

துரத்துபவர் செய்கிற பெரிய தவறு, ஓடுகிறவரின் பின்னாலேயே போவது. ரிங்கைச் சுற்றி இருவரும் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள், குத்து விழாது. துரத்துபவர் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, எதிராளி இடப்பக்கம் போனால் தானும் பக்கவாட்டில் அதே திசைக்கு நகர்ந்து வழியை அடைக்க வேண்டும். வெளிவட்டத்தில் போகிறவருக்கு நாலு எட்டு, உள்ளே நிற்பவருக்கு இரண்டே எட்டு. களைப்பு யாருக்கு முதலில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

குட்டையானவர் என்ன செய்வது

மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் உயரம் குறைந்தவர்கள். நெடியவர்களோடு மோத வேண்டி வரும்போது தூரம் அவர்களுக்கே எதிரியாகத் தோன்றும். இங்கே ஜோ பிரேசியரைப் பார்க்க வேண்டும். 1971 மார்ச் 8 அன்று நியூயோர்க்கில், தொழில்முறைச் சண்டையில் அலியை முதன்முதலாகத் தோற்கடித்தவர். அவருடைய கைவீச்சு அலியுடையதைவிட நாலைந்து அங்குலம் குறைவு. முழங்காலை மடித்து, தலையை இரு பக்கமும் அசைத்தபடி, மூன்றாவது தூரத்தில் நிற்காமல் அதைத் தாண்டி நான்காவதுக்குப் போய்விடுவார். பதினைந்தாவது சுற்றில் அலியைத் தரையில் விழுத்திய இடது ஹூக் அந்த நெருக்கத்திலிருந்து வந்ததுதான். ரொக்கி மார்சியானோவின் கைவீச்சு 68 அங்குலத்தைத் தாண்டாது. ஹெவிவெயிட்டில் அது மிகக் குறைவு. 49 சண்டைகளில் 49 வெற்றி.

குட்டையானவர் நினைவில் வைக்க வேண்டியது, ஜாப் எட்டும் தூரத்தில் தயங்கி நிற்பது நெடியவருக்குக் கொடுக்கும் பரிசு என்பதை. ஒன்று வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. உள்ளே போவதும் நேராகப் போவதில்லை; எதிராளியின் ஜாப் திரும்பிப் போகும்போது அதன் கூடவே, அரை அடி வலப்பக்கமோ இடப்பக்கமோ விலகியபடி போவது.

இலங்கைக் குத்துச்சண்டையின் வரலாறும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்த பார்னி ஹென்றிக்கஸ் பெதர்வெயிட்காரர். எண்பது ஆண்டு கழித்து, 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் கிடைத்த மூன்று வெண்கலங்களும் எடை குறைந்த பிரிவுகளில்: அனுஷா கொடிதுவக்கு 48 கிலோ, திவங்க ரணசிங்க 49 கிலோ, இஷான் பண்டார 52 கிலோ. அந்த எடைகளில் ஒரே குத்தில் ஆட்டம் முடிவது அரிது. வேகமும் காலுமே புள்ளி தேடித் தர வேண்டும்.

அனுஷாவை அரையிறுதியில் வென்றவர் இந்தியாவின் மேரி கோம். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள இடக்கையர். அதற்கு முன்பு, பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 2012 லண்டனில், தன் வழக்கமான எடையைவிட மேலே போய் 51 கிலோவில் மோதி வெண்கலம் பெற்றிருந்தார். அவருடைய சண்டைகளின் பதிவுகளில் கையைப் பார்ப்பதைவிடக் காலைப் பார்ப்பது பயன் தரும். உள்ளே போய் இரண்டு குத்து, பிறகு வந்த வழியில் அல்லாமல் வேறொரு பக்கத்தால் வெளியே.

ஆட்டக்காரர்களின் கால்

உக்ரேனின் வாசில் லொமச்சென்கோ சிறுவனாக இருந்தபோது அவருடைய தந்தை அனத்தோலி அவரைக் குத்துச்சண்டையிலிருந்து நிறுத்தி, தங்கள் நாட்டு மரபு நடனத்துக்கு அனுப்பினார். சில ஆண்டுகள் நடனம் படித்த பிறகே மறுபடி கையுறை. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். எதிராளி குத்தி முடிப்பதற்குள் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதைதான் பதில்.

தமிழ் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்தபோது, கதாநாயகனுக்கு ஈடாகப் பேசப்பட்டவர் டான்சிங் ரோஸ். அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு ரிங்கில் ஆடத் தொடங்கிய பையன்கள் கொஞ்ச நஞ்சமல்ல. அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கையைத் தொங்கவிட்டு ஆடுவது தூரத்தை அளந்து முடித்தவருக்கு. அளக்கத் தெரியாதவர் அப்படி ஆடினால் சினிமா இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் நடனத்துக்குப் போகச் சொன்ன அந்தத் தந்தையின் யோசனையை மலையகத்தில் பயன்படுத்திக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது, தப்பு அடிக்கு ரதியும் மதனும் கால் வைப்பதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும்: உடல் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் துல்லியமாக மாறுகிறது, அடி விழுகிற நேரத்தில் பாதம் தரையில் இருக்கிறது. சிலம்பம் பழகியவர்களுக்குக் காலடி முறை ஏற்கெனவே உண்டு. அவர்கள் மறக்க வேண்டியது நீண்ட எட்டை மட்டும். பயிற்சியில் தப்பு அடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பெரிய உதவி. நிதானமான அடியில் தொடங்கி, ஒரு அடிக்கு ஒரு அரை அடி நகர்வு. வேகம் ஏறினாலும் எட்டு நீளக் கூடாது. அடித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தினால், நகர்ந்துகொண்டிருந்தவர் நிலை கலையாமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சாயம் வெளுக்கும்.

ஸ்கிப்பிங் கயிறும் இதே வேலையைச் செய்யும், தனியாகப் பழகுபவருக்கு அதுதான் வசதி. உயரமாகக் குதிப்பதில் பயனில்லை. கயிறு நுழைகிற அளவு பாதம் எழும்பினால் போதும்.

மலையில் ஓடுவது, கீழே போய் மோதுவது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறைவாகக் கிடைக்கும். கீழிருந்து பயிற்சிக்கு வருபவர்கள் முதல் சில நாட்கள் திணறுவது இதனால்தான். மலைப் பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருடைய சிரமம் கீழே இருக்கிறது. 1914இலிருந்து பாடசாலைகளுக்கு இடையே நடந்துவரும் ஸ்டப்ஸ் கேடயமோ, லேட்டன் கிண்ணமோ, கிளிஃபர்ட் கிண்ணமோ, எதில் மோதப் போனாலும் ரயில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடிக்கும். மூச்சு தாங்கினாலும் வியர்வை ஆளைக் கவிழ்த்துவிடும். முடிந்தால் சில நாள் முன்னதாகப் போவது நல்லது. முடியாவிட்டால் முதல் நாளிலிருந்தே தண்ணீரில் கவனம் வேண்டும். மோதும்போதும் காலைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். இருந்த இடத்தில் துள்ளிக்கொண்டிருப்பது நுவரெலியாக் குளிரில் உடம்பைச் சூடாக்கும், கொழும்பில் வெறும் வீண்செலவு.

ஓட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏற்றத்தில் ஓடலாம், இறக்கத்தில் நடக்க வேண்டும். இறக்கத்தில் ஓடுவது முழங்காலைத் தின்னும். தென்மேற்குப் பருவ மழை ஹட்டன் பக்கம் கொட்டும் மாதங்களில் தேயிலைப் பாதை வழுக்கும், அட்டை வேறு ஏறும். அப்போது தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்வது புத்தி. விடியுமுன் தனியாக ஓடுவதும் வேண்டாம். நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் கதையல்ல. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகளில் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் சூடேறப் பத்து நிமிடமாவது வேண்டும். அதற்கு முன் பிவட் பழகினால் வாரக்கணக்கில் நொண்ட வேண்டியிருக்கும்.

குத்துச்சண்டைக்கென்று செய்த சப்பாத்து விலை அதிகம். தொடக்கத்தில் மெல்லிய, தட்டையான அடியுள்ள கன்வஸ் சப்பாத்து போதும். அடி தடித்த ஓட்டச் சப்பாத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் கணுக்கால் மடங்கும். பாட்டாவோடு பழகுவதை எந்தப் பயிற்றுநரும் அனுமதிக்கக் கூடாது. ஸ்பாரிங் என்று வந்துவிட்டால் தலைக்கவசமும் பல்லுக்கு கார்டும் இல்லாமல், பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல், ஒரு சுற்றுக் கூட வேண்டாம்.

நடுவர் சொல்லும் கட்டளைகளில் காலோடு சம்பந்தப்பட்டது ‘பிரேக்’. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டால் நடுவர் அதைச் சொல்வார். இருவரும் ஓர் எட்டுப் பின்னே வைத்த பிறகே மறுபடி மோதலாம். பின்வைக்காமல் குத்தினால் தவறு. பலர் இதில் கையைத் தளர்த்திவிட்டு, கால்கள் ஒட்டினபடி பின்னே வருகிறார்கள். பின்கால் முதலில், முட்டி முகத்தருகே, கண் எதிராளி மேல். சரியாக வைத்தால் அந்த ஓர் எட்டு ஒருவரை இரண்டாவது தூரத்தில் இறக்கிவிடும். பயிற்சியிலேயே ஒருவர் நடுவராக நின்று சத்தமாகச் சொல்லிப் பழக்க வேண்டும்.

போட்டி நாளில் ரிங்கை முன்கூட்டியே பார்க்க அனுமதி கிடைத்தால் விடக் கூடாது. சீமெந்துத் தரையில் பழகிய காலுக்குக் கன்வஸ் புதிது. அடியில் மெத்தை விரித்திருப்பதால் பாதம் லேசாக அமிழும், பிவட் இழுக்கும். கயிற்றில் முதுகைச் சாய்த்து எவ்வளவு தொய்கிறது என்று பார்க்க வேண்டும். கயிற்றிலிருந்து நடுப்பகுதி வரை அரை அடி அரை அடியாக நகர்ந்து எத்தனை எட்டு என்று எண்ண வேண்டும். பிறகு அதே எண்ணிக்கையில், பின்னால் திரும்பிப் பார்க்காமல், கயிறு வரை வர வேண்டும்.